"நாங்கள் மேஃப்ளவரில் வந்தவர்கள்" என்றால், அதைச் சரிபார்ப்பது எப்படி?

என் மகளுக்கு மாசசூசெட்ஸில் கல்யாணம் நடந்த வருஷம், விருந்துச் சாப்பாட்டின் நடுவே சம்பந்தியம்மா ஒரு விஷயம் சொன்னார். "நாங்கள் ஜான் ஹௌலண்ட் வம்சம். மேஃப்ளவரில் வந்தவர்." எனக்கு அந்தப் பெயர் அப்போது தெரியாது. 1620இல் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவில் குடியேற அந்தக் கப்பலில் வந்த 102 பயணிகளில் ஒருவர், புயலில் தவறிக் கடலில் விழுந்து, வெளியே தொங்கிய பாய்க்கயிறு கைக்கு அகப்பட்டதால் பிழைத்தவர் என்பதெல்லாம் பிறகு படித்தது.

ஆடிட் ஆபீஸில் முப்பது வருஷம் வவுச்சர் புரட்டியவன் நான். வாய் சும்மா இருக்கவில்லை. "பேப்பர் இருக்கிறதா?" என்று கேட்டுவிட்டேன். "பாட்டி சொல்வார்" என்று சிரித்தார். மேஜைக்கு அடியில் என் மனைவி என் காலை மிதித்தாள்.

சில வருஷம் கழித்துப் பேத்திக்குப் பள்ளியில் குடும்ப மரம் வரைந்துவரச் சொன்னார்கள். அவள் அப்பா பக்கத்துக் கிளையை நிரப்பும் வேலை, கேள்வி கேட்ட குற்றத்துக்காக என் தலையில் விழுந்தது. அதில் கற்றுக்கொண்டதை, இதே வேலையில் இறங்கும் நம்மவர்களுக்காக எழுதுகிறேன். மருமகன், மருமகள், பேரப்பிள்ளைகள் வழியாக இந்தப் பழைய அமெரிக்கக் குடும்பங்கள் இப்போது நம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டனவே.

கப்பலிலிருந்து தொடங்காதீர்கள்

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்யும் தவறு இது. பிரபலமான பெயரைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்து கீழே இறங்கி வருவார்கள். ஹௌலண்டுக்குப் பத்துப் பிள்ளைகள். பத்தும் வளர்ந்து கல்யாணம் ஆனவை. நான்கு தலைமுறை இறங்குவதற்குள் ஆலமரம்போல விழுது விட்டுவிடும். எந்த விழுது நம் வீட்டுக்கு வருகிறது என்று தெரியாது. மேலே ஏறுவது அப்படியல்ல. ஒவ்வொருவருக்கும் ஒரு அப்பா, ஒரு அம்மா. இறுதி இருப்பிலிருந்து ஆரம்ப இருப்புக்குப் போகிற மாதிரி, உயிரோடு இருப்பவரிலிருந்து ஒவ்வொரு படியாகப் பின்னால் போக வேண்டும். 1620 வரை பன்னிரண்டு, பதின்மூன்று படி இருக்கும். பாட்டன், பூட்டன், ஓட்டன் என்று எண்ணிக்கொண்டே போனால் நம் சொற்கள் தீர்ந்துவிடும், தலைமுறை தீராது.

ஒவ்வொரு படிக்கும் ஒரு வவுச்சர் வேண்டும். அதாவது, "இவர் இன்னாருடைய பிள்ளை" என்று சொல்லும் ஒரு காகிதம். இன்னார் பிறந்தார், இறந்தார் என்பதற்கான காகிதம் சுலபமாகக் கிடைக்கும். இரண்டு பேரை அப்பா-பிள்ளை என்று இணைக்கும் காகிதம்தான் கிடைக்காது. இந்த வேலையின் கஷ்டம் முழுவதும் அந்த ஒட்டில்தான் இருக்கிறது.

முதலில் சம்பந்தி வீட்டுப் பரணை ஏறிப் பாருங்கள். குடும்ப பைபிள், இரங்கல் செய்தியின் பத்திரிகைத் துண்டு, கல்யாணச் சான்றிதழ். இறப்புச் சான்றிதழ் கிடைத்தால் விடாதீர்கள். இறந்தவரின் அப்பா பெயரும் அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரும் பெரும்பாலும் அதில் இருக்கும். ஆனால் தகவல் கொடுத்தவர் யார் என்று கீழே ஒரு கட்டம் உண்டு, அதையும் பாருங்கள். மகள் சொன்னதற்கும், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதற்கும் ஒரே மதிப்பு கொடுக்க முடியாது. எங்கள் வீட்டுக் காகிதம் ஒன்றில் மருமகன் சொல்லியிருந்தார். மாமனாரின் அம்மா பெயர் அவருக்கு எப்படித் தெரியும்? தப்பாகத்தான் இருந்தது.

சென்சஸ் ஏணி

அடுத்து சென்சஸ். அமெரிக்காவில் 1790இல் தொடங்கிப் பத்து ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கிறார்கள். 72 ஆண்டு கழித்துத்தான் பெயர்களோடு வெளியிடுவார்கள். 1950ஆம் ஆண்டுக் கணக்கு 2022 ஏப்ரலில் வெளியானது. அதிலிருந்து பின்னால் போங்கள். ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம், ஒரு கணக்குத் திறந்தால் போதும். ஆன்செஸ்ட்ரி கட்டணத் தளம் என்றாலும் பல ஊர் நூலகங்களில் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறார்கள். பணம் கட்டும் முன் நூலகத்தில் கேளுங்கள்.

1880இலிருந்து ஒவ்வொருவரும் வீட்டுத் தலைவருக்கு என்ன உறவு என்ற பத்தி உண்டு. 1890ஆம் ஆண்டு ஏடுகளில் பெரும்பகுதி 1921இல் வாஷிங்டனில் நடந்த தீ விபத்திலும் அதன் பிறகுமாகப் போய்விட்டது, அங்கே இருபது வருஷ ஓட்டை. 1850, 1860, 1870இல் வீட்டில் உள்ள எல்லோர் பெயரும் இருக்கும், உறவு இருக்காது. நாற்பது வயது ஆண், முப்பத்தைந்து வயதுப் பெண், ஐந்து குழந்தைகள் என்றால் நாமாகக் குடும்பம் என்று நினைத்துக்கொள்கிறோம். அந்தப் பெண் இரண்டாம் தாரமாகவோ தங்கையாகவோ இருக்கலாம்.

1840க்குப் போனீர்களோ, ஏணி முடிந்தது. குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான். மற்றவர்கள் வெறும் எண்கள்: பத்து வயதுக்குள் ஆண் 2, இருபதுக்கு மேல் பெண் 1 என்ற மாதிரி. மனைவி, பிள்ளைகள் எல்லாம் கோடுகளாகிவிடுவார்கள். 1790க்கும் 1850க்கும் நடுவில்தான் பாதிப் பேர் வேலையைக் கைவிடுகிறார்கள். அந்தக் காலத்தில் நியூ இங்கிலாந்து (மாசசூசெட்ஸ், கனெக்டிகட் முதலான வடகிழக்கு மாநிலங்கள்) விவசாயிகள் நிலம் தேடி நியூயார்க்குக்கும் ஒஹாயோவுக்கும் மூட்டை கட்டிவிட்டதும் ஒரு காரணம். நியூயார்க் மாநிலத்தில் பிறப்பு, இறப்புப் பதிவு ஒழுங்காகத் தொடங்கியது 1880க்குப் பிறகு.

எங்களைக் காப்பாற்றியது ஒரு கிழவரின் பென்ஷன் மனு. பிரிட்டனுக்கு எதிரான அமெரிக்கச் சுதந்திரப் போரில் சண்டையிட்டவர்களுக்கு 1832இல் ஒரு பென்ஷன் சட்டம் வந்தது. உயிரோடிருந்த முதியவர்கள் நீதிமன்றத்தில் வந்து, தாங்கள் எங்கே, எப்போது பிறந்தோம், யாருக்குக் கீழே எங்கெங்கே பணி செய்தோம் என்று சத்தியம் செய்து சொல்ல வேண்டும். விதவைகள் பிறகு விண்ணப்பித்தபோது கல்யாணத்தை நிரூபிக்க வேண்டியிருந்தது. சர்ச் பதிவு இல்லாதவர்கள் வீட்டு பைபிளில் பிள்ளைகளின் பிறந்த தேதி எழுதிய தாளைக் கிழித்து மனுவோடு இணைத்தார்கள். அந்தத் தாள்கள் இன்றும் தேசிய ஆவணக் காப்பகக் கோப்புகளில் இருக்கின்றன. ஸ்கேன் செய்த படம் கணினியில் திறந்தபோது எனக்கு முதலில் தெரிந்தது எழுத்தல்ல, ஓரத்தில் கிழிந்த கோடு. ஒன்பது பிள்ளைகள், இரண்டு பெயருக்கு நேராக வேறு மையில் இறந்த தேதி. ஆபீஸ் வேலைக்காகத் தன் பைபிளைக் கிழித்துக் கொடுத்தவள் எப்படி இருந்திருப்பாள் என்று கொஞ்ச நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். சரி, வேலைக்கு வருவோம்.

ஊர்ப் பதிவேடும் உயிலும்

உங்கள் குடும்பம் மாசசூசெட்ஸுக்குள் வந்து சேர்ந்துவிட்டால் யோகம். அந்தக் காலனியில் 1639இலேயே பிறப்பு, கல்யாணம், இறப்பைப் பதிவு செய்யச் சட்டம் போட்டார்கள். எல்லா ஊரும் ஒழுங்காகச் செய்யவில்லை, ஆனாலும் ஏராளமாக இருக்கிறது. 1850 வரையிலான பதிவுகளைப் பல ஊர்களுக்கு அச்சிட்டே வைத்திருக்கிறார்கள். கனெக்டிகட்டுக்கு, இதே மாதிரி ஊர்ப் பதிவுகளைத் திரட்டிய பார்பர் தொகுப்பு என்று ஒன்று மாநில நூலகத்தில் உண்டு. வர்ஜீனியா போனால் நிலைமை வேறு. அங்கே கவுண்டி நீதிமன்றத்தில்தான் எல்லாம் இருந்தது, பல நீதிமன்றங்கள் எரிந்தன. உள்நாட்டுப் போரில் பத்திரமாக இருக்கட்டும் என்று சில கவுண்டிகள் ஏடுகளைத் தலைநகர் ரிச்மண்டுக்கு அனுப்பி வைக்க, 1865இல் ரிச்மண்டே எரிந்தது. அங்கே தேடுகிறவர்கள் நிலப் பட்டாவையும் வரிப் பட்டியலையும் நம்பித்தான் காலம் தள்ள வேண்டும்.

அச்சுப் புத்தகத்தோடு நின்றுவிடாதீர்கள், மூல ஏட்டின் படத்தையும் பாருங்கள். அச்சில் ஏற்றியவர் வரிசை மாற்றியிருப்பார். மூலத்தில் ஒரே தாளில் அடுத்தடுத்து எழுதியிருந்த அண்ணன் தங்கைகள் அச்சில் அகரவரிசைப்படி சிதறிப் போயிருப்பார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது உயில். பிறப்புப் பதிவு காணாமல் போன பெண்கள் உயிலில் திரும்பி வருவார்கள், அதுவும் புகுந்த வீட்டுப் பெயரோடு. ஜான் ஹௌலண்டின் மனைவி எலிசபெத் 1686 டிசம்பர் 17 அன்று எழுதிய உயில் நல்ல மாதிரி. மகள்களை லிடியா பிரவுன், எலிசபெத் டிக்கின்சன், ஹன்னா பாஸ்வர்த் என்று கணவர் வீட்டுப் பெயரோடு குறிப்பிடுகிறார். மகள் எலிசபெத் முதலில் எஃப்ரைம் ஹிக்ஸைக் கட்டி, விதவையாகி, பிறகு டிக்கின்சனை மணந்தவர். முதல் கல்யாணப் பதிவை மட்டும் பார்த்தவர் ஹிக்ஸ் என்றே தேடிக்கொண்டிருப்பார். அந்த ஒரு சொல் எத்தனை மாத உழைப்பை மிச்சப்படுத்தும், பாருங்கள்.

உயில் இல்லாமல் இறந்தாலும் சொத்துப் பங்கீட்டுக் காகிதம், சாமான் பட்டியல், மைனர் பிள்ளைகளுக்குக் காப்பாளர் நியமனம் என்று ஒரு கட்டு இருக்கும். கட்டு முழுவதையும் படியுங்கள். சாமான் பட்டியலில் பசு, கெண்டி, கம்பளி என்று போகிற வரிசையில் ஒரு மனிதப் பெயர் விலையோடு வரலாம். வடக்கு மாநிலங்களிலும் அடிமைகள் இருந்தார்கள். அந்தப் பெயரையும் குறித்து வையுங்கள். அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட மக்களில் பெரும்பாலோர் பெயரோடு சென்சஸில் வருவது 1870இல்தான். அதற்கு முன் அவர்கள் வம்சத்துக்கு மிஞ்சியிருப்பது இப்படி யாரோ ஒருவரின் சொத்துப் பட்டியலில் ஒரு வரிதான்.

தேதியும் உறவுச் சொல்லும் காலை வாரும்

1752க்கு முன் இங்கிலாந்திலும் அதன் காலனிகளிலும் புத்தாண்டு மார்ச் 25. இதை மறந்தால் எல்லாம் குழம்பும். ஒரு ஜோடிக்கு 1690 ஏப்ரல் 5இல் கல்யாணம், 1690 மார்ச் 10இல் குழந்தைக்கு ஞானஸ்நானம் என்று ஏட்டில் இருக்கும். ஐயோ என்று பதறாதீர்கள். அந்தக் கணக்கில் 1690ஆம் ஆண்டின் மார்ச் 10, அதே ஆண்டு ஏப்ரலுக்குப் பதினோரு மாதம் பிந்தியது. நமக்கு அது 1691. இதனால்தான் ஜனவரியிலிருந்து மார்ச் 24 வரையிலான தேதிகளை 1731/32 என்று இரட்டையாக எழுதுவார்கள். ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்தது பழைய கணக்கில் 1731/32 பிப்ரவரி 11. நாள்காட்டி மாறியபோது பதினோரு நாளும் தள்ளிப் போனதால், புதுக் கணக்கில் 1732 பிப்ரவரி 22. மாதப் பெயருக்குப் பதிலாக எண் போட்டிருந்தாலும் கவனம்: முதல் மாதம் மார்ச், பன்னிரண்டாம் மாதம் பிப்ரவரி. ஏட்டில் இருப்பதை அப்படியே எழுதிக்கொண்டு, உங்கள் திருத்தத்தைப் பக்கத்தில் போடுங்கள். திருத்தியதை மட்டும் எழுதினால் அடுத்தவர் இன்னொரு முறை திருத்துவார்.

உறவுச் சொற்கள் விஷயத்தில் நமக்கு ஒரு வசதி. பெரியப்பா பையனையும் அண்ணன் என்று கூப்பிட்டு வளர்ந்தவர்கள் நாம், ஒரு சொல்லுக்கு ஒரே உறவு என்று நம்ப மாட்டோம். அந்தக் கால ஏடுகளில் 'கசின்' என்றால் அண்ணன் மகனாகவும் இருக்கலாம். 'பிரதர்' மைத்துனராகவோ ஒரே சர்ச்சைச் சேர்ந்தவராகவோ இருக்கலாம். 'மதர்-இன்-லா' என்பது மாற்றாந்தாயைக் குறிக்கும் இடங்களும் உண்டு. இறந்துபோன குழந்தையின் பெயரையே அடுத்த குழந்தைக்கு வைப்பார்கள், ஆகவே ஒரே வீட்டில் இரண்டு மேரி.

நான் விழுந்த குழி 'ஜூனியர்'. அப்பாவும் பிள்ளையும் என்று எண்ணி ஒரு முழுத் தலைமுறையைக் கட்டிவிட்டேன். அந்தக் காலத்தில் சீனியர், ஜூனியர் என்பதெல்லாம் ஒரே ஊரில் ஒரே பெயருள்ள இருவரில் மூத்தவர், இளையவர் என்பதற்கு மேல் எதுவும் இல்லை. சித்தப்பாவும் அண்ணன் மகனுமாக இருக்கலாம், சொந்தமே இல்லாமலும் இருக்கலாம். மூத்தவர் இறந்தால் ஜூனியர் சீனியராகிவிடுவார், கீழே இன்னொரு ஜூனியர் வருவார்! நிலப் பத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்து, யார் எந்த ஓடைக்குப் பக்கத்தில் குடியிருந்தார் என்று பிரித்த பிறகுதான் என் ஜூனியர் வேறு வீட்டுப் பையன் என்று தெரிந்தது. நான்கு மாத வேலை வீண்.

பாதி வழியில் கிடைக்கும் லிஃப்ட்

பதின்மூன்று படியையும் நாமே ஏற வேண்டியதில்லை. மேஃப்ளவர் பயணிகளின் சந்ததியாருக்கு 1897இல் தொடங்கிய ஒரு சங்கம் இருக்கிறது. சந்ததி விட்டுச்சென்ற பயணிகளுக்கு ஐந்து தலைமுறை வரை ஆதாரத்தோடு தொகுத்து வெள்ளி நிற அட்டையில் நூல்களாகப் போட்டிருக்கிறார்கள். அது ஏறக்குறைய சுதந்திரப் போர்க் காலம் வரை இறங்கி வரும். நீங்கள் கீழிருந்து ஏறி அதைத் தொட்டால் போதும். மற்றக் கப்பல்களில் வந்தவர்களுக்கு, 1620க்கும் 1640க்கும் இடையில் நியூ இங்கிலாந்துக்கு வந்த சுமார் இருபதாயிரம் பேரைப் பற்றிய 'பெரும் குடியேற்ற' ஆய்வுத் தொகுதிகள் உண்டு. 1635 வரை வந்த குடும்பங்கள் அவற்றில் அநேகமாக முழுவதும் அடக்கம். பாஸ்டனில் 1845 முதல் இயங்கும் நியூ இங்கிலாந்து வரலாற்று வம்சாவளிச் சங்கத்தின் வெளியீடு அது.

அச்சில் இருக்கிறது என்பதாலேயே நம்பிவிடவும் கூடாது. ஹௌலண்ட் வீட்டுக் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜான் ஹௌலண்ட், மேஃப்ளவர்காரர்கள் குடியேறிய பிளிமத் காலனியின் முதல் ஆளுநர் ஜான் கார்வர் வீட்டில் வேலைக்கு வந்தவர். அதனால் அவர் மனைவி எலிசபெத் ஆளுநர் வீட்டுப் பெண் என்றே சந்ததியார் நெடுங்காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆளுநர் மகள் என்றால் கசக்குமா? பிளிமத்தின் இரண்டாவது ஆளுநர் வில்லியம் பிராட்ஃபோர்டின் கையெழுத்துப் பிரதி சுதந்திரப் போர்க் காலத்தில் பாஸ்டனிலிருந்து காணாமல் போயிருந்தது. 1855இல் அது லண்டன் பிஷப்பின் நூலகத்தில் இருப்பது தெரிந்து, மறு ஆண்டு அச்சாகியது. அதன் கடைசியில் பயணிகள் பட்டியல். ஹௌலண்ட் மணந்தது ஜான் டில்லியின் மகள் எலிசபெத்தை என்று தெளிவாக இருக்கிறது. அவளும் அப்பா அம்மாவோடு அதே கப்பலில் வந்தவள். பெற்றோர் இருவரும் முதல் குளிர்காலத்திலேயே இறந்துவிட்டார்கள். பெட்ஃபோர்ட்ஷயரில் ஹென்லோ என்ற ஊர் சர்ச் ஏட்டில் 1607 ஆகஸ்ட் 30 அன்று அவளுக்கு ஞானஸ்நானம் நடந்த பதிவும் பிறகு கிடைத்தது. ஒரு பட்டியல், ஆளுநர் மகளை அனாதைப் பெண்ணாக்கிவிட்டது. எனக்கென்னவோ இந்த எலிசபெத்தைத்தான் பிடித்திருக்கிறது.

கடல் தாண்டி இங்கிலாந்துக்குப் போகிறவர்களுக்கு: அங்கே சர்ச் ஏடுகள் 1538இல் தொடங்குகின்றன. அதே பெயரில், பொருத்தமான வருஷத்தில் ஒரு ஞானஸ்நானம் கிடைத்ததும் குதிக்காதீர்கள். அந்தக் குழந்தை அதே ஏட்டில் இரண்டு பக்கம் தள்ளி அடக்கம் செய்யப்பட்டிருக்கிறதா, வளர்ந்து அங்கேயே கல்யாணம் செய்து வரி கட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். அங்கேயே இருந்தவர் இங்கே வந்தவராக இருக்க முடியாது.

குடும்பப் பெயர் ஒன்று என்பதும் ஆதாரமாகாது. இதற்கு நம் சென்னையிலேயே சாட்சி இருக்கிறது. புனித ஜார்ஜ் கோட்டை ஆளுநராக இருந்த எலிஹு யேல் 1649இல் பாஸ்டனில் பிறந்தவர். அவர் குழந்தையாக இருக்கும்போதே அப்பா டேவிட் குடும்பத்தோடு இங்கிலாந்துக்குத் திரும்பிவிட்டார். எலிஹுவின் சிறு மகன், அவன் பெயரும் டேவிட், 1688இல் சென்னையில் இறந்தான்; இன்று உயர் நீதிமன்ற வளாகமாக இருக்கும் இடத்தில் அவனுக்குக் கல்லறை கட்டினார்கள். அமெரிக்காவிலேயே தங்கிவிட்டவர் எலிஹுவின் சித்தப்பா தாமஸ். பூட்டுப் புகழ் லைனஸ் யேல் அந்த தாமஸ் வழி. ஆகவே பழைய கனெக்டிகட் யேல் ஒருவர் "எலிஹு என் முப்பாட்டன்" என்று சொன்னால், சித்தப்பா வழியாக இருக்கும் என்று மெதுவாகச் சொல்லுங்கள்.

கணினியில் பழுத்துக் கிடக்கும் மரங்கள்

இணையத்தில் யாரோ போட்டுவைத்த குடும்ப மரங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். ஒரு சொடுக்கில் நம் மரத்தோடு ஒட்டிவிடலாம், அதுதான் ஆபத்து. நான் ஒரு தளத்தில் அப்படி ஒட்டியபோது ஒரு அம்மா ஆறு வயதில் பிள்ளை பெற்றிருந்தாள். அதே தப்பை நாற்பது பேர் நகலெடுத்திருந்தார்கள். நாற்பது மரம் சொன்னாலும் மூலம் ஒன்றுதான். அடுத்தவர் மரத்தைத் துப்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள், வவுச்சராக அல்ல. விக்கிட்ரீ தளத்தில் 1700க்கு முந்தியவர்களைத் திருத்தத் தனி அனுமதி வேண்டும், ஆதாரமும் கேட்பார்கள். அதனால் அங்கே குப்பை குறைவு. கல்லறைகளைப் பட்டியலிடும் ஃபைண்ட் எ கிரேவ் தளத்தில் கல்லறைப் படம் இருந்தால் பாருங்கள். படமில்லாமல் வெறும் பக்கம் என்றால் அது யாரோ எழுதியதுதான்.

பழைய குடும்ப வரலாற்று நூல்களிலும் "மூன்று சகோதரர்கள் வந்தார்கள், ஒருவர் வடக்கே, ஒருவர் தெற்கே, ஒருவர் மேற்கே போனார்" என்று தொடங்கினால் கொஞ்சம் உஷாராகுங்கள். நூறு வருஷம் முன்பு குஸ்தாவ் ஆஞ்சு என்பவர், பணக்காரக் குடும்பங்கள் கேட்டபடி வம்சத்தைப் புனைந்து கொடுப்பதையே தொழிலாக வைத்திருந்தார். அவர் சரக்கு இன்னும் புழக்கத்தில் இருக்கிறது.

டிஎன்ஏ சோதனை பற்றிச் சம்பந்தி கேட்டார். பன்னிரண்டு தலைமுறைக்கு மேலே 4,096 முன்னோர் இடங்கள். அதில் ஒருவரிடமிருந்து நமக்கு ஒரு துணுக்குகூட வராமல் போகலாம். எச்சில் துப்பி அனுப்புகிற சாதாரணச் சோதனை மேஃப்ளவரை நிரூபிக்காது. நாலைந்து தலைமுறைக்குள் சந்தேகம் இருந்தால் உதவும். அப்பா, மகன், பேரன் என்று ஆண்வழி அறுபடாமல் வந்திருந்தால் ஒய் குரோமோசோம் சோதனை செய்யலாம். எங்கள் கிளை நடுவில் மூன்று இடத்தில் பெண்வழி போகிறது, அதனால் காசு மிச்சம்.

எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். எந்த ஏடு, எத்தனையாவது தொகுதி, எந்தப் பக்கம், என்றைக்குப் பார்த்தீர்கள் என்பதோடு, தேடியும் கிடைக்காததையும் எழுதுங்கள். இல்லையென்றால் அதே ஏட்டை ஆறு மாதம் கழித்து மறுபடி புரட்டுவீர்கள். நான் புரட்டியிருக்கிறேன்.

பேத்தியின் மரத்தில் எட்டுத் தலைமுறையைப் பேனாவால் எழுதினோம். பென்ஷன் மனுக் கிழவரின் அம்மா யார் என்பதில் மட்டும் ஒட்டு இல்லை. ஒரே பெயரில் இரண்டு பெண்கள், ஒருத்திதான் ஹௌலண்ட் வழி. அதற்கு மேலே எல்லாம் பென்சில். டீச்சர் ஏன் என்று கேட்டாராம், "தாத்தா இன்னும் ஆடிட் முடிக்கவில்லை" என்று சொல்லியிருக்கிறாள். அந்த ஊர் டவுன் கிளார்க் ஆபீஸில் 1760களின் நிலப் பதிவு ஏடு இருக்கிறதாம். செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். சம்பந்தியம்மாவும் கூட வருகிறார்.